தற்சுட்டு

முனீசுவரன் கோயில் தெருவில்
சிக்கந்தர் பாயின் பழம்பொருள் கடையில்
பகலெல்லாம் கணக்கு எழுதுகிறேன்.
இரவில் களஞ்சியம்.
சம்பளம் கிடையாது, சண்டை உண்டு.

கடைக்கு வரும் பாத்திரங்களில்
வயிற்றிலோ விளிம்பிலோ விலாசம் வெட்டியிருக்கும்.
மு.சித.வீர.
அரு.லெ.கா.
அடுக்கு இருபத்து நாலு, தூக்குச்சட்டி ஒன்பது,
எல்லாம் ஒரே உளி.
கல்யாண வீட்டுக்கு இரவல் போனால்
திரும்பி வர வேண்டுமே, அதற்காக வெட்டியது.
வளவு கைமாறி
நிலைக்கதவு புதுச்சேரி விடுதிக்கு வண்டியேறிய பிறகும்
சட்டி என் கால்குலேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
எங்க வீட்டுது, எங்க வீட்டுது என்கிறது.

தை கடைசியில் நெய்வாசல்பட்டிக் கும்பாபிஷேகம்.
மலர் கொடுத்தார்கள். வழவழத் தாள்.
பதினேழாம் பக்கத்தில் ஊர் வரலாறு,
களஞ்சியத்திலிருந்து அப்படியே.
எடுத்த இடம் போட வேண்டும் என்பது விதி,
போடவில்லை, கிடக்கட்டும்.
முதல் பத்திக்கு மேலே சாய்வெழுத்தில் இரண்டு வரி:
இக்களஞ்சியத்தில் ஊர்க் கட்டுரை எழுதும் முறைக்கு
உதவிப் பக்கம் பார்க்க.
பிழை கண்டால் மேலே உள்ள தொகு பொத்தானை அழுத்துக.

மேலே
சொர்ணவல்லி நகை மாளிகை விளம்பரம்.
அதற்கும் மேலே பிள்ளையார்.

பந்தியில் என் பக்கத்து இலை
கூட்டுறவு வங்கித் தேனப்பன்.
எதை அழுத்தணும் ஆச்சி, என்றார்.
கேட்டுக்கொண்டே அழுத்தியும் பார்த்தார்.
பால்பணியாரத்து ஈரத்தில்
நெக்லெஸ் ஒன்று கலங்கியது.

சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து, இந்த வரியைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று
பக்க வரலாற்றைப் புரட்டினேன்.
ஏழு வருடம் முன்னால், ஆவணி மாதம்,
இரவு பதினொன்று ஐம்பது.
நான்.

கீழேயே உரையாடலும் இருந்தது.
கிள்ளானிலிருந்து மெய்யர்:
தன்னைச் சுட்டும் குறிப்பை வார்ப்புருவுக்குள்ள போடுங்க அக்கா,
எடுத்துட்டுப் போறவன் ஓட்டைக் கழற்றிட்டு
பருப்பை மட்டும் கொண்டு போவான்.
அதற்கு நான்:
யாரு தம்பி எடுக்கப் போறா நெய்வாசல்பட்டியை?

இரண்டு நெளிவு அடைப்பு திறந்தேன்.
தற்சுட்டு என்று எழுதி, ஒரு நெடுங்கோடு,
அதன் பின்னால் என் பழைய இரண்டு வரி,
இரண்டு நெளிவு அடைப்பு மூடி.
பக்கம் பார்வைக்கு மாறவே இல்லை.
இங்கே தெரியும், வெளியே போனால் தெரியாது.
வாசல் தாண்டியதும்
வாயை மூடிக்கொள்ளும் சட்டி.

மறுநாள் ஒரு விடுதிக்காரர்
விலாசத்தைத் தேய்த்துத் தர முடியுமா என்று கேட்டார்.
தேய்ச்சா ஓட்டை விழும் சார், என்றார் பாய்.
ஐந்நூறு ஏற்றியும் சொன்னார்.

அன்றிரவு உட்கார்ந்து
நாற்பத்து மூன்று ஊர் முடித்தேன்.
கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம்,
எல்லாவற்றுக்கும் அதே ஓடு.
விரல் தானாகப் போனது.

கடைசியில் ஒரு சிற்றூர். அரைப் பக்கம்.
ஊருணிக்கும் மக்கள்தொகைக்கும் நடுவில்
யாரோ எழுதியிருந்தார்கள், பெயர் இல்லை, எண் மட்டும்:
இதை எங்கள் இரண்டாம் கட்டிலிருந்து எழுதுகிறேன்.
இப்போது மழை பெய்கிறது.

இதுவும் தன்னைத்தான் சுட்டுகிறது.
என்றாலும் களஞ்சியத்தைச் சுட்டவில்லை,
கட்டுரையைக்கூட அல்ல.
இதற்கென்று வார்ப்புரு இருக்கிறதா என்று
பட்டியல் முழுக்கத் தேடினேன்.
பாதுகாப்பு, துப்புரவு, மேற்கோள் தேவை,
காலாவதியான தகவல்.
அதைப் போடலாமா என்றுகூட ஒரு நிமிஷம்.
தேதி பார்த்தேன், பங்குனி.
பங்குனியில் அங்கே மழையா?

ஒன்றரை மணி. மெய்யரும் இணைப்பில் இல்லை.

தொகுப்புச் சுருக்கம் கேட்டது.
எழுதினேன்: மழை நீக்கப்பட்டது.
கீழே இருந்த கட்டத்தில்
இது ஒரு சிறு தொகுப்பு என்று
குறியிட்டேன்.